தொட்டிக்கு வந்த ஆறாவது கயிறு

படகின் பாய்மரத்தடியிலிருந்து கிளம்பியது என்னவோ ஐந்து கயிறுதான், பின்பக்கத் தொட்டிக்கு வந்து சேர்ந்தது ஆறு. மீன் ஏலம் முடிந்த கையோடு சலேத்துமுனை ஊரே மணலில் இறங்கி வந்து, இடுப்பளவு தண்ணீரில் நடந்து, படகில் தொற்றி ஏறி, மரத்தடியில் ஒரு தரம் எண்ணி, தொட்டியில் ஒரு தரம் எண்ணி, "ஆமா, ஆறுதான்" என்று தலையாட்டிவிட்டு, உலை வைக்க நேரமாச்சு என்று வீட்டுக்குப் போய்விட்டது. கயிறு கூடினால் கடற்கரையில் யார் கவலைப்பட்டார்கள், குறைந்தால்தான் சண்டை. செலஸ்தீனா மட்டும் அந்த ஆறாவதை விட்டுக் கண்ணை எடுக்காமல் அங்கேயே நின்றாள். மற்ற ஐந்துக்கும் துளை போட்டு, கப்பி மாட்டி, கோத்து, இழுத்து வந்து கட்டியவள் அவள். இதை அவள் கட்டவில்லை.

படகு வந்த விதத்தைச் சொல்லிவிடலாம். தனியாகக் கடல் சுற்றக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரர், இன்ஜின் செத்து, தாடியெல்லாம் உப்பு பூத்து, சலேத்துமுனையில் வந்து கரை தட்டினார். கடற்கரையில் படகு இன்ஜின்களைப் பிரித்துப் போட்டு வேலை பார்க்கிற பெர்க்மான்ஸ் அந்த இன்ஜினை உயிர்ப்பித்துக் கொடுத்தான். வெள்ளைக்காரர் ஒரு சாயங்காலம் முழுக்கக் கடலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பிறகு போதும் என்று கையை உதறினார், சாவியைப் பெர்க்மான்ஸ் கையில் வைத்தார், ஒரே ஒரு பையோடு தூத்துக்குடி பஸ் ஏறிப் போய்விட்டார். படகு வெள்ளை வெளேரென்று ஒல்லியாக, நீளமூக்காக இருந்தது. உள்ளே குனிந்து போனால் அடுப்போடு ஓர் அறை, இரண்டு கட்டில். பெர்க்மான்ஸுக்கு வெள்ளைக்காரி வாய்த்துவிட்டாள் என்று ஊர் கேலி பேசியது, பேச்சுவாக்கில் வெள்ளைக்காரி என்பதே படகுக்குப் பேராகிவிட்டது.

படகின் பின்பக்கத்தில், சுக்கான் பிடிக்கிறவர் காலை வைத்து உட்கார ஒரு பள்ளம் உண்டு. அதற்கு ஊர் வைத்த பேர் தொட்டி. தொட்டியில் ஒருவர் உட்கார வேண்டும், பாயை ஏற்றவும் இறக்கவும் இன்னொருவர் முன்னால் மரத்தடிக்குப் போக வேண்டும், ஏனென்றால் பாயைத் தூக்கும் ஆஞ்சான் கயிறுகள் எல்லாம் மரத்தடியில்தான் கட்டிக் கிடந்தன. சீலா மீனுக்குத் தூண்டில் இழுத்துக்கொண்டு ஓட இதைவிட நல்ல படகு இல்லை என்று பெர்க்மான்ஸ் தலைகீழாக நின்றும் ஓர் ஆம்பிளை அவனோடு வரவில்லை. "மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போற கார் மாதிரி இருக்கு, இதுல ஏறிப் போயி மீன் பிடிச்சா மீனே சிரிக்கும்" என்றார்கள். கடைசியில் பெண்டாட்டி செலஸ்தீனாதான் ஏறினாள். பெண் கடலுக்குப் போவதாவது என்று ஊர் கொதித்தது. கமிட்டித் தலைவர் தொபியாஸ் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படகுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "உள்ள அடுப்பு இருக்கு, அடுப்பு இருந்தா அது வீடு, வீட்டுக்குள்ள பொம்பளை இருந்தா குத்தமில்ல" என்று தீர்ப்புச் சொன்னார். அத்தோடு கொதிப்பு அடங்கிற்று.

செலஸ்தீனாவுக்குக் கடல் பயமில்லை. தொட்டிக்கும் மரத்தடிக்கும் நடுவில் இருக்கிற அந்த நடைதான் பயம். அவளுடைய அப்பா அப்படி நடந்து போனவர்தான். காற்று திரும்பிவிட்டது, பாயை இறக்கிவிட்டு வருகிறேன் என்று வள்ளத்தின் பின்னாலிருந்து எழுந்து முன்னால் போனார், கூட இருந்தவர்கள் கண்ணை மூடித் திறப்பதற்குள் அவர் நின்ற இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. உடம்பு கிடைக்கவில்லை. அதனால் பெர்க்மான்ஸ் தொட்டியிலிருந்து எழுந்தாலே அவளுக்கு மூச்சு நின்றுவிடும், அவன் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தால்தான் அது மறுபடி ஓடும். அந்தப் பாவி மனுசனோ எதையும் பிடிக்காமல், சீட்டியடித்துக்கொண்டு, கடைத்தெருவில் போகிற மாதிரி போவான். ஒருநாள் பாயின் அடிக்கட்டை வீசித் திரும்பி அவன் நெஞ்சில் அடித்தது. பாதி உடம்பு வெளியே தொங்க, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். எழுந்து வந்து சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

அந்த வாரமே கப்பிகள் வாங்கினாள், துளைக்கிற மிஷினை அவன் பெட்டியிலிருந்து எடுத்தாள், மரத்தடியில் கட்டிக் கிடந்த கயிறுகளை அவிழ்த்து, கப்பியில் வளைத்து, அறையின் கூரைமேல் ஓடவிட்டு, தொட்டிக்குக் கொண்டுவந்தாள். பெரிய பாயின் ஆஞ்சான், சின்னப் பாயின் ஆஞ்சான், காற்று கூடினால் பாயைச் சுருக்குகிற கயிறு இரண்டு, அடிக்கட்டையை அமுக்கிப் பிடிக்கிற கயிறு ஒன்று. ஒவ்வொன்றையும் கடித்துப் பிடித்துக்கொள்ள ஒரு நெம்புபிடி வைத்தாள். கவ்வி என்பார்கள் அதை. மூடினால் பிடிக்கும், தூக்கினால் விடும்.

"ஏட்டி, கயிறு நீள நீள உரசல் கூடும்ட்டி" என்றான் பெர்க்மான்ஸ். "அங்க சிக்கிக்கிட்டா இங்க இருந்து என்ன செய்வ? அப்பவும் ஒருத்தன் முன்னால போய்த்தான் ஆகணும்."

"சிக்குதப்ப பாத்துக்கிடலாம். நீங்க இந்தத் தொட்டிய விட்டு எந்திரிக்கக்கூடாது. அவ்வளவுதான்."

அப்படிச் சொல்லிக்கொண்டே எண்ணிப் பார்த்தபோதுதான் ஆறு இருந்தது. ஆறாவது கயிறு மரத்தடிக் கப்பிக்குள் நுழைவது தெரிந்தது, கப்பிக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. அதன் இந்தப் பக்க நுனியை அவள் வைக்காத ஒரு கவ்வி கடித்துக்கொண்டிருந்தது. கயிற்றைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. முறுக்கேறி, எதையோ தாங்கிக்கொண்டு நிற்கிற கயிறாக இருந்தது.

அது எதைத் தாங்குகிறது என்று தெரிய ரொம்ப நேரம் ஆகவில்லை. பெர்க்மான்ஸ் கரையில் டீக்கடையில் இருந்தான். செலஸ்தீனா தொட்டியில் உட்கார்ந்து, சரி, என்னதான் என்று பார்ப்போமே என்று ஆறாவதை ஒரு முழம் இழுத்தாள். டீக்கடையில் பெர்க்மான்ஸ் கையில் கிளாசோடு எழுந்தான். இன்னொரு முழம் இழுத்தாள். அவன் பின்பக்கமாகவே நடந்து, பெஞ்சைத் தாண்டி, காய்கிற கருவாட்டைத் தாண்டி, மணலில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நடந்து, டீயில் ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் படகில் வந்து முதுகை முட்டிக்கொண்டு நின்றான். டீக்கடைக்காரர் கரையில் நின்று, "கிளாஸ! கிளாஸ!" என்று கத்திக்கொண்டிருந்தார். செலஸ்தீனா முதலில் பயந்தாள். பிறகு, மாதா அறிய, சந்தோஷப்பட்டாள்.

ஊர் இதற்குப் பழகிக்கொண்ட மாதிரி வேறெதற்கும் பழகியதில்லை. மறுநாளிலிருந்து டீக்கடையில் பெர்க்மான்ஸுக்கு மட்டும் காகிதக் கப். சவரக்கடைக்காரர் கத்தியைத் தீட்டிவிட்டு, வாசலுக்கு வந்து கடற்கரையை எட்டிப் பார்த்து, "மைனி படகுலயா இருக்காக, வீட்லயா?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் அவன் கன்னத்தில் கை வைப்பார். சீட்டாட்டத்தில் அவன் பாதியில் எழுந்து பின்னால் போனால் அவன் கையைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்வார்கள். கோயிலில் சாமியார் அவனுக்குக் கதவோரம் இடம் ஒதுக்கிக் கொடுத்தார், நற்கருணை நேரத்தில் இழுபட்டால் பிறருக்கு இடைஞ்சல் இருக்கக்கூடாது அல்லவா. ஒருமுறை தூத்துக்குடிக்குச் சாமான் வாங்கப் போகிறேன் என்று பஸ் ஏறினான். உப்பளம் தாண்டியதும் வண்டி முக்கி முனகிக்கொண்டு நின்றுவிட்டது. கண்டக்டர் நேராக அவனிடம் வந்து, "அண்ணாச்சி, இறங்கிடுங்க, வண்டி ஏத்தத்துல நிக்க மாதிரி நிக்குது, சமதரைதான் இது" என்றார். இறங்கினான். பஸ் போயிற்று, அவன் பின்பக்கமாக ஊர் வந்து சேர்ந்தான்.

பெண்கள் சும்மா இருப்பார்களா? பக்கத்து வீட்டுப் பிலோமி புதுக்கயிறு ஒரு சுருணை தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். "செலஸ்தி, ஒனக்குப் புண்ணியமாப் போகும். எங்க வீட்டு ஆம்பிளைச் சவத்துக்கு ஒண்ணு மாட்டிக் குடு. காலைல போனா எங்க போச்சு, எவங்கூடப் போச்சுன்னு தெரியல." செலஸ்தீனா அந்தக் கயிற்றைக் கப்பியில் கோத்து இழுத்துக் கொடுத்தாள். வந்தது வெறும் கயிறுதான். வேறு நாலைந்து பேரும் கோத்துப் பார்த்தார்கள், அவர்களுக்கும் அப்படித்தான். அவர்கள் செலஸ்தீனாவைப் பார்த்த பார்வையில் பொறாமை இருந்தது, குடுத்து வைத்தவள் என்றார்கள். ஆம்பிளைகளோ பயந்துபோனார்கள். கமிட்டி கூடி, சலேத்துமுனையில் இனி வேறெந்தப் படகிலும் மரத்தடிக் கயிறு மரத்தடியிலேயே இருக்க வேண்டும், அதைப் பின்னால் கொண்டுபோகிறவனை ஊரைவிட்டுத் தள்ளிவைப்போம் என்று முடிவெடுத்தது. தொபியாஸ் அதை வாசிக்கும்போது தன் பெண்டாட்டி பக்கம் திரும்பவே இல்லை.

செலஸ்தீனா முதலில் சோற்று வேளைக்குத்தான் இழுத்தாள். பிறகு மேற்கே கருத்தால் இழுத்தாள். பிறகு அவன் ஏணியில் ஏறியிருப்பானோ, ரோட்டைக் கடக்கிறானோ, ஆழத்தில் இறங்கிக் குளிக்கிறானோ என்று ஒரு நினைப்பு வந்தாலே கை தன்னால் கயிற்றுக்குப் போயிற்று. கயிறு வருவதற்கு முன்னால் அவளுக்கு ஒரே ஒரு பயம் இருந்தது, தொட்டிக்கும் மரத்தடிக்கும் நடுவில் இருந்தது அது, கடலில் போகும்போது மட்டும் வந்தது. கயிறு வந்தபின் பயம் ஊரெல்லாம் பரவி, ரோட்டில் ஏறி, மரத்தில் ஏறி, கிணற்றுக்குள் இறங்கி, அவன் போகிற இடமெல்லாம் அவனுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. வீட்டில் இருக்கிற நேரம் குறைந்தது. படகு நங்கூரத்தில் கிடக்கும்போதும் அவள் தொட்டியிலேயே உட்கார்ந்திருந்தாள், மடியில் கயிற்றை வைத்துக்கொண்டு, அதில் ஓடுகிற சின்னச் சின்ன அதிர்வை எல்லாம் விரலால் பார்த்துக்கொண்டு. அவன் நடக்கிறான், நிற்கிறான், சிரிக்கிறான். சிரிப்பு வரவரக் குறைந்தது.

பெர்க்மான்ஸ் மெலிந்துபோனான். இடுப்பைச் சுற்றி, வேட்டி கட்டுகிற இடத்துக்கு மேலே, சிவப்பாக ஒரு தடம் விழுந்தது. கயிறு யார் கண்ணுக்கும் தெரியவில்லை, தடம் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. செலஸ்தீனா அதற்கு மஞ்சள் அரைத்துப் பூசினாள். பூசிவிட்டுப் போய் அன்றைக்கே மூன்று தடவை இழுத்தாள்.

ஒருநாள் அவன் இரை நறுக்குகிற கத்தியை எடுத்துக்கொண்டு தொட்டிக்கு வந்தான். அவள் தடுப்பதற்குள் கயிற்றில் ஒரு புரியை அறுத்துவிட்டான். அறுந்த மாத்திரத்தில் அவனுக்கு மூச்சு நின்றது. வாய் திறந்தபடி, உதடு நீலம் பாரித்து, தொட்டிக்குள் சுருண்டு விழுந்தான். அவள் அலறிக்கொண்டு அறுந்த புரியைச் சேர்த்துக் கையால் இறுக்கிப் பிடித்து, பல்லால் முறுக்கி, நூலால் வரிந்து கட்டினாள். கட்டி முடித்தபிறகுதான் அவன் நெஞ்சு ஏறி இறங்கியது. அதற்குப்பிறகு கத்தி என்ற பேச்சே ஊரில் இல்லை. அறுத்தால் செத்துப்போவான், அது தெரிந்துவிட்டது. கவ்வியைத் தூக்கி முழுசாக விட்டால் என்ன ஆகும் என்பது தெரியாது. யார் மனசு வந்து விட்டுப் பார்ப்பார்கள்?

அன்று சாயங்காலம், தடம் எரியாமல் இருக்க ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் சொன்னான்: "நீ இழுத்தா வாரேன். இழுக்காட்டி வருவேனான்னு ஒனக்குத் தெரியாமப் போச்சு செலஸ்தி. இப்ப எனக்கே தெரியாமப் போச்சு." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள், சண்டை போட்டிருந்தால் தூக்கமாவது வந்திருக்கும்.

ஆடி பிறந்தது. கச்சான் காற்று மணலை வாரி வீட்டுக்குள் கொட்டியது. இரண்டு நாள் காற்று ஓய்ந்ததுபோல் இருக்கவே இருவரும் சீலாவுக்குப் போனார்கள். நடுக்கடலில், சோறு உண்டு கை கழுவுகிற நேரத்துக்கு, தெற்கே வானம் அடுப்புக்கரி நிறத்தில் எழுந்து வந்தது. வந்த வேகம் இருக்கிறதே, தட்டைக் கவிழ்த்து வைக்க நேரமில்லை. காற்று அடித்தது. படகு ஒருபக்கமாகச் சாய்ந்தது.

"பாயைச் சுருக்கு!" என்றான் பெர்க்மான்ஸ்.

அவள் சுருக்குகிற கயிற்றை இழுத்தாள். பாதி வந்தது, நின்றது. இன்னும் இழுத்தாள். மரத்தடிக் கப்பியில் கயிறு மடிந்து சிக்கிக்கொண்டு, கல்லில் கட்டிப்போட்ட மாதிரி அசையவில்லை. பெர்க்மான்ஸ் அவள் முகத்தைப் பார்த்தான். எழுந்தான். அறை வாசல் வரைக்கும் போனான். அதற்குமேல் அவனால் ஓர் எட்டு வைக்க முடியவில்லை, கரையை விட்டுக் கிளம்பும்போதே அவள் இழுத்துக் கவ்வியில் மூடியிருந்த ஆறாவது கயிறு அவனை இடுப்போடு பிடித்து நிறுத்தியது. காற்று காதைக் கிழித்துக்கொண்டிருந்தது. அவன் திரும்பி, வாயில் கைகுவித்துக் கத்தினான்.

"இளக்கு! இளக்கு!"

கயிற்றைத் தளர்த்து என்று அர்த்தம். பாய் ஓட்டுகிறவர்கள் நாளுக்கு நூறு தடவை சொல்கிற சொல். காற்று அதில் நடுவெழுத்தைத் தின்றுவிட்டு மிச்சத்தை அவளிடம் கொண்டுவந்து கொடுத்தது. அவள் காதில் விழுந்தது இறக்கு. பெரிய பாயை இறக்கச் சொல்கிறான் என்று, பதறிப்போய், பெரிய ஆஞ்சானின் கவ்வியைத் தூக்கிவிட்டாள்.

கயிறுகள் மரத்தடியில் இருந்த காலத்தில் இந்தத் தப்பை அவள் நினைத்தாலும் செய்திருக்க முடியாது, கை எட்டாது. இப்போது எல்லாம் எட்டியது. பாய் சரசரவென்று பாதி இறங்கியது, சிக்கிய கயிற்றில் மாட்டிக்கொண்டு நின்றது, இறங்கிய பாதி காற்றடங்கிய பக்கமாகக் கடலில் விழுந்து வயிறு புடைக்கத் தண்ணீர் குடித்தது. குடித்த பாய் படகை இழுத்தது. படகு விலாவைக் காட்டிப் படுத்தது. தொட்டிக்குள் தண்ணீர் வந்தது, சோற்றுப் பானை மிதந்தது.

"இறக்கு இல்லட்டி!" அவன் தொண்டை கிழியக் கத்தினான். "இளக்கு! பள்ளிக்கூடத்துக்கு வருதே, அந்த ள! இளக்கு!"

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, எந்தக் கயிற்றைச் சொல்கிறான் என்று. ஆறாவதை.

"மாட்டேன்!"

"பாயை எடுத்துத் தண்ணியக் கொட்டலேன்னா முங்கிரும்! நான் போணும்!"

"விட்டா செத்துருவீங்க! மூச்சு நின்னுரும்! நான் பாத்தேன், நீலமாப் போச்சு, நான் பாத்தேன்!"

"அறுத்தாத்தான் நின்னுச்சு! விட்டா என்னன்னு ஒனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது! இப்படியே பிடிச்சிருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து போவோம், அது மட்டும் தெரியும்!"

அவள் கவ்வியைக் கொஞ்சமாகத் தூக்கினாள். ஒரு சாண் விட்டாள், மூடினாள். அவன் ஒரு சாண் நகர்ந்தான். மறுபடி தூக்கினாள், மூடினாள். தவழ்ந்து போகிற பிள்ளையைப் போல அவன் கூரைமேல் ஏறி, கம்பியைப் பிடித்து, சாண் சாணாக, அலை வந்தால் குப்புறப் படுத்து, அலை போனால் நகர்ந்து, மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தான். அவள் வாய் அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருந்தது, சொல்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. சிக்கலை அவன் எடுத்துவிட்டான். ஆனால் பாய் கடலுக்குள் கிடந்தது. படகுக்கு வெளியே உடம்பை வளைத்து, பாதிக்கும்மேல் தொங்கினால்தான் அதை வாரி எடுக்கலாம். அவன் வளைந்தான். கயிறு சுண்டியது. கை எட்டவில்லை. அவள் ஒரு சாண் விட்டாள். எட்டவில்லை. இன்னொரு சாண் விட்டாள். விரல் நுனி பாயில் பட்டு வழுக்கியது.

அவன் திரும்பிப் பார்த்தான். அவ்வளவு தூரத்தில், மழையில், முகம் தெரியவில்லை. கத்தவும் இல்லை. கையை மட்டும் விரித்துக் காட்டினான்.

ஆறாவது கயிற்றில் அவன் நெஞ்சு அடித்துக்கொள்வது அவள் உள்ளங்கைக்குத் தெரிந்தது. இத்தனை நாளும் அதைக் கேட்டுக்கொண்டுதான் அவள் உயிரோடு இருந்தாள். "சேசுவே" என்றாள். கவ்வியை முழுசாகத் தூக்கினாள். கயிறு பாய்ந்து ஓடியது. அவளை அறியாமல் கை அதைப் பிடிக்கப் போய், தோலை உரித்துக்கொண்டு, பிடிக்காமல் விட்டு, மறுபடி பிடிக்கப் போய், விட்டது. வரிந்து கட்டிய இடம் போயிற்று, கயிற்றின் நுனி போயிற்று, கூரைமேல் பாம்பு போல நெளிந்து கப்பிக்குள் புகுந்தது. கப்பிக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை.

அப்போது ஓர் அலை முன்பக்கம் முழுவதையும் மூடியது. வெள்ளையைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. அவள் சுக்கானைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அப்பா போன இடத்தில் தண்ணீர்தான் இருந்தது என்று அவர்கள் வந்து சொன்ன அந்த முற்றம், அந்த வெயில், அம்மா கையிலிருந்து விழுந்த முறம், எல்லாம் வந்து போயிற்று. அலை வடிந்தது.

மரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு பெர்க்மான்ஸ் இருமிக்கொண்டிருந்தான்.

இருமுகிறவனுக்கு மூச்சு இருக்கிறது. அவள் ஓவென்று அழுதாள், அழுதுகொண்டே சுக்கானைக் காற்றுக்குத் திருப்பினாள். அவன் படகுக்கு வெளியே தொங்கி, பாயை மடக்கி மடக்கி வாரி, தண்ணீரைக் கொட்டி, அடிக்கட்டையோடு சேர்த்துக் கட்டினான். படகு நிமிர்ந்தது. மழை வந்தது, மழையோடு காற்றின் திமிர் குறைந்தது. சின்னப் பாய் ஒன்றே போதும் கரைக்கு.

வேலை முடிந்தது. அவன் வரவில்லை.

மரத்தடியில், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்துவிட்டான். வருவான் என்று பார்த்தாள். களைப்பாக இருக்கும், மூச்சு வாங்கிக்கொண்டு வருவான் என்று பார்த்தாள். அலை ஒவ்வொன்றும் அவன் கால்மேல் ஏறி இறங்கியது, அவன் காலைக்கூட இழுத்துக்கொள்ளவில்லை. அவள் கை பழக்கத்தில் வலப்பக்கம் போய், கயிறு இருந்த இடத்தைத் தடவி, ஒன்றும் கிடைக்காமல் மூடிக்கொண்டது. கூப்பிடலாம் என்று நினைத்தாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது? இந்த மாதங்களில் அவள் அவனை ஒரு வேளைகூடச் சாப்பிட வாங்க என்று வாயால் கூப்பிட்டதில்லை. இழுத்தாள், வந்தான், பரிமாறினாள். அவன் இப்போது வரமாட்டான் என்றே அவளுக்குப் பட்டது. கரை வந்ததும் இறங்கி, நேராக நடந்து, பஸ்ஸோ லாரியோ எது வந்தாலும் ஏறிப் போய்விடுவான். போக அவனுக்கு நியாயம் இருந்தது.

"ஏங்க" என்றாள். அவன் திரும்பவில்லை.

"எனக்குப் பயமா இருக்கு."

சொன்னபிறகுதான் அவளுக்குத் தெரிந்தது, கல்யாணம் ஆன நாளிலிருந்து இதை அவள் அவனிடம் சொன்னதே இல்லை. எந்திரிக்காதீங்க என்று சொல்லியிருக்கிறாள், போகக்கூடாது என்று சொல்லியிருக்கிறாள், கப்பி வாங்கியிருக்கிறாள், துளை போட்டிருக்கிறாள், இடுப்பில் தடம் விழ இழுத்திருக்கிறாள். இதைச் சொல்லவில்லை.

"எனக்குப் பயமா இருக்குங்க!" இந்தமுறை காற்றை மீறிக் கத்தினாள். "அப்பா மாதிரிப் போயிருவீங்களோன்னு பயமா இருக்கு! வேற ஒண்ணும் இல்ல! நீங்க வரணும்னு இல்ல, இருக்கிற எடத்துலயே இருங்க! பயமா இருக்குன்னு சொன்னேன், அவ்வளவுதான்!"

அவன் அசையவில்லை. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கரையைப் பார்த்து ஓட்டினாள். கோயில் கோபுரம் தெரிந்தது, அதன் கீழே ஊர் தெரிந்தது. அலைக்குத் தக்கபடி சுக்கானைக் கொடுத்தாள், அவன் நனையாதபடி ஓட்டப் பார்த்தாள், அதைத் தவிர அவனுக்குச் செய்ய அவள் கையில் ஒன்றும் இல்லை.

நேரம் போயிற்று. பெர்க்மான்ஸ் எழுந்தான். படகு உருண்டது, அவன் ஒரு பக்கமாகத் தள்ளாடினான். அவள் கண்ணை மூடவில்லை. அவன் கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு கை மாற்றி ஒரு கையாகப் பிடித்துக்கொண்டு, முகத்தை அவள் பக்கம் வைத்து, முன்பக்கமாக நடந்து வந்து தொட்டிக்குள் இறங்கினான். பக்கத்தில் உட்கார்ந்தான். முகத்தில் வழிந்த தண்ணீரை வழித்து உதறினான்.

"எனக்கும்தான் பயம்" என்றான். "அப்பவும் பயம்தான். அதான் சீட்டியடிப்பேன்."

அவள் சுக்கானில் கையை மாற்றிப் பிடித்தாள், பிடித்திருந்த இடத்தில் ரத்தம் ஒட்டியிருந்தது.

"கையக் காட்டு" என்றான். காட்டினாள். உள்ளங்கைத் தோல் உரிந்து கிடந்தது. குடிதண்ணீர்க் குடத்தைச் சாய்த்து ஊற்றினான். "எரியுதா?"

"எரியுது."

படகு கரைக்கு வந்தபோது பெண்களெல்லாம் மணலில் நின்றார்கள். பிலோமி முட்டளவு தண்ணீருக்கே வந்துவிட்டாள். கூரைமேல் கண்ணை ஓட்டினாள், முகம் வெளிறியது.

"ஏட்டி, அந்தக் கயிறு எங்க?"

"விட்டுட்டேன்."

"அய்யோ பாவி, அறுத்துட்டியா?"

"அறுக்கல. விட்டுட்டேன்."

பிலோமி, நங்கூரத்தைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்த பெர்க்மான்ஸைப் பார்த்தாள், திரும்பி செலஸ்தீனாவைப் பார்த்தாள். குரலைத் தணித்தாள். "பெறவு இவுக?"

"முன்னால மரத்தடியில இருந்தாக."

"சரி."

"வந்தாக."

"யாரு இழுத்தா?"

"யாரும் இழுக்கல. அவுகளா வந்தாக."

"போட்டி அங்கிட்டு" என்றாள் பிலோமி. "யாருகிட்ட கத விடுத? இழுக்காம எந்த ஆம்பிளைட்டி வந்திருக்கான்?" பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி சிரிக்காமல், நிஜமாகவா என்று கேட்பவள்போல் செலஸ்தீனாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது தொபியாஸின் பெண்டாட்டி.

பெர்க்மான்ஸ் தண்ணீரில் இறங்கி நின்றுகொண்டு, ஈரவேட்டியைப் பிழிந்தான்.

"செலஸ்தி, நான் கொஞ்சம் நடந்துட்டு வரட்டா?"

எங்கே என்று கேட்க வாய் வந்தது. எப்போது வருவீங்க என்று கேட்க வந்தது. ரோடு கண்முன் வந்தது, லாரி வந்தது, உப்பளத்து வழுக்கல் வரப்பு வந்தது. எரிகிற இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"போங்க" என்றாள்.